நொய்யல் தண்ணீரும் பள்ளிக்கூட அறிவியலும்

திருப்பூரில் வீடு வீடாக ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர்கள் பையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். மேலே பிளக், கீழே உலோகக் குச்சிகள். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், தங்கள் மெஷினில் வடிகட்டிய தண்ணீர் ஒரு டம்ளர். குச்சிகளை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே குழாய்த் தண்ணீர் பழுப்பேறும். பிறகு பச்சையும் கறுப்புமாகத் திப்பி திரளும். பக்கத்து டம்ளரில் ஒன்றும் நடக்காது. "இதைத்தானுங்க்கா இத்தனை நாளா குடிச்சிட்டு இருந்தீங்க" என்று வந்தவர் சொல்லும்போது வீட்டில் எதிர்ப்பேச்சே எழாது. மெஷின் விற்றுவிடும்.

டம்ளரில் மிதக்கும் அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததில்லை. குச்சிகளில் ஒரு வகை இரும்பு. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும்போது இரும்பு கரைந்து ஹைட்ராக்சைடாகப் படியும். உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அதிகம் ஓடாததால் இரும்பும் அவ்வளவாகக் கரையாது. ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போட்டால் அதுவும் இதே போலக் கலங்கும். மின்னாற்பகுப்பைப் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளை அந்த வீட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும், உப்பு டப்பாவை எடுக்கத் தோன்றுவது அபூர்வம். பாடம் தெரியாததால் வரும் குறை இதுவென்று எனக்குத் தோன்றவில்லை. கருவி ஒன்றைக் காட்டிவிட்டால் கேள்வி அத்தோடு முடிந்தது என்று அறிவியலைப் பற்றி ஒரு நம்பிக்கை மனதில் படிந்திருக்கிறது. அதுதான் கையைக் கட்டிப்போடுகிறது.

ஊரே இரண்டுபட்டு நிற்கும் ஒரு பிரச்சினையில் மாணவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதில் இத்தகைய நம்பிக்கைகளுக்கு எவ்வளவு பங்கு? கல்வி ஆய்வாளர்கள் பல நாடுகளில் இதைக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கத் திருப்பூரைப் போலப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். இங்கே சர்ச்சை என்பது பேப்பரில் படிக்கிற பருவநிலை மாற்றமோ மரபணு மாற்றுப் பயிரோ மட்டும் இல்லை. அப்பா டையிங்கில் வேலை, அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், தாத்தாவுக்கு ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நிலம் என்று ஒரே குடும்பத்துக்குள் நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கின் இரு தரப்பும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர் இது.

வழக்கின் வேதியியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை வந்துவிடும். சாயம் ஏற்றப் பயன்படும் ரியாக்டிவ் சாய மூலக்கூறுகளும் எதிர்மின் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவே சமையல் உப்பையோ கிளாபர் உப்பையோ அள்ளிப் போட்டால் அந்தத் தள்ளுதல் அடங்கி, சாயம் துணியை நெருங்கும். பிறகு சோடா ஆஷ் சேர்த்தால் சாயம் நூலோடு வேதிப் பிணைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கருநீலம், கறுப்பு, அடர் சிவப்பு போன்ற நிறங்களுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு வரை போகும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அரைக் கிலோ உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாயத் தொட்டி கடலைவிட இரு மடங்கு கரிக்கும். துணிக்குள் போவது சாயத்தில் பெரும்பகுதி மட்டும்தான். உப்பு இடைத்தரகர் வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவிலேயே வெளியே வந்துவிடும். அலசல் தண்ணீரெல்லாம் சேர்ந்த பிறகும் லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் நிற்கும்.

இந்தத் தண்ணீருக்குச் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டால் சாயம் திரண்டு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் நிறம் பெரும்பாலும் போயிருக்கும். 1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் நின்றன. உயிரிச் சுத்திகரிப்பு சேர்ந்தால் கரிமக் கழிவும் குறையும். கரைந்த உப்பை இவை எதுவும் தொடாது. போட்ட ரசாயனங்கள் கொஞ்சம் கூட்டவும் செய்யும். நொய்யலில் நுரையும் நிறமும் ஓடியபோது ஊர் முழுக்கக் கோபப்பட்டது. நிறம் குறைந்ததும் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்தது போலத் தெரிந்தது. கீழே கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய விவசாயிக்கு மட்டும் தீரவில்லை. அவர் வயலுக்குப் போனது உப்பு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கத் தொட்டியாக மாறியது. அணை கட்டச் சொல்லிக் கேட்கிற விவசாயிகளைப் பார்த்திருக்கிறோம். அணையில் தண்ணீர் தேக்காதே என்று கேட்ட விவசாயிகள் இங்கேதான். 1996இல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கமும், 2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனைக்கு 2006 டிசம்பர் 22 தீர்ப்பு கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதமும் போட்டது. 2009 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது மூடல் உத்தரவு: சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடு, மின் இணைப்பைத் துண்டி. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயத்துக்கு வெளியூர் போனது, ஆர்டர் தவறியது, பல தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

இனி ஆய்வாளர்கள் பக்கம் வருவோம். அமெரிக்காவில் ஹார்வர்ட் மாணவர்களைப் பல ஆண்டுகள் பேட்டி கண்ட வில்லியம் பெர்ரி 1970இல் வெளியிட்ட நூலில் ஒரு பாதையைக் காட்டினார். முதலில் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை ஒன்று உண்டு, அது வாத்தியாரிடம் இருக்கிறது என்று நம்புகிறார்கள். அறிஞர்களே முரண்படுவதைக் கண்டதும், அப்படியானால் எல்லாமே அவரவர் அபிப்பிராயம் என்று எதிர்க்கரைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் மட்டும் அங்கிருந்து நகர்ந்து, கருத்துகள் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் கிடையாது, எடைபோட முடியும் என்ற இடத்துக்கு வருகிறார்கள். டீன்னா கூன் 1991இல் சாதாரண மக்களின் வாதத் திறனைப் பற்றி எழுதிய நூலிலும் ஏறக்குறைய இதே மூன்று நிலைகள். வயதும் படிப்பும் மட்டும் ஒருவரை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்துவிடாது என்பதை அந்த நூலைப் படித்தால் உணரலாம்.

2004இல் ட்ராய் சாட்லரும் சகாக்களும் 84 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம், புவி வெப்பமாதல் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிக்கைகளைக் கொடுத்தார்கள். எது தரவு, எது கணிப்பு, எது கருத்து என்று பிரித்துச் சொல்லவே பலர் தடுமாறினார்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் வெளிவந்தது. அறிவியல் தரம் உயர்ந்தது என்று தாங்களே தேர்ந்தெடுத்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு, இன்னொன்றுதான் தங்களை நம்பவைத்தது என்று கணிசமானவர்கள் சொன்னார்கள். அறிவியலுக்கு ஓர் அறை, தான் நம்புவதற்கு வேறோர் அறை. நடுவே கதவு இல்லை.

திருப்பூரில் டீக்கடையிலும் கல்லூரி வாசலிலும் சாயத் தண்ணீரைப் பற்றிப் பேச்சைப் போட்டுப் பார்த்தால் பெர்ரியின் முதல் இரண்டு நிலைகளும் கொங்குத் தமிழில் கேட்கும். "தண்ணி கண்ணாடியாட்ட இருக்குதுங்களே, பொல்யூஷன் போர்டே டெஸ்ட் பண்ணி விட்டதுதானுங்க" என்பது ஒன்று. "அவங்க ரிப்போர்ட் அவங்களுக்கு, இவங்க ரிப்போர்ட் இவங்களுக்கு; காசு குடுத்தா எந்த லேப்லயும் எந்த நம்பரும் வாங்கலாமுங்க" என்பது இன்னொன்று. கேட்க நேர் எதிராக இருக்கிற இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. அறிவியல் என்றால் மாறாத ஒரே தீர்ப்பு என்று இருவரும் எதிர்பார்க்கிறார்கள். முதலாமவர் அந்தத் தீர்ப்பு கிடைத்துவிட்டது என்கிறார். இரண்டாமவர் கிடைக்காத கடுப்பில் அறிவியலையே வீசிவிடுகிறார். முதலாமவர் இரண்டாமவராக மாற ஒரு முரண்பட்ட ஆய்வறிக்கை போதும்.

எண்கள் முரண்படுவது போலத் தோன்றுவதற்கு நொய்யலே நல்ல பாடம். கரைந்த மொத்த உப்பின் அளவை, அதாவது ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் டிடிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆலைக்கழிவை ஆற்றில் விட மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு 2,100. பாசனத் தண்ணீர் பற்றி ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985இல் வெளியிட்ட வழிகாட்டி, 450க்குக் கீழே கவலை இல்லை, 2,000ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. பயிரைப் பொறுத்தும் மாறும், தென்னை தாங்குவதை நெல் தாங்காது. ஒரே தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் "வரம்புக்குள் இருக்கிறது" என்றும் இன்னொருவர் "விவசாயத்துக்கு ஆகாது" என்றும் சொன்னால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று கட்டாயம் இல்லை. இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். குடிக்கலாமா, ஆற்றில் விடலாமா, மஞ்சளுக்குப் பாய்ச்சலாமா என்ற கேள்விகள் வேறு வேறு. எண்ணைக் கேட்ட உடனே "எந்தக் கேள்விக்கு?" என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் உள்ள மாணவனுக்கு இந்த முரண்பாடு அதிர்ச்சி தராது.

கையில் பிடிக்கிற டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான். அது உப்பை எடைபோடுவதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து, ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி உப்பின் அளவாகக் காட்டுகிறது. சாயம், பூச்சிமருந்து, கிருமி எதையும் அதற்குத் தெரியாது. மீட்டரில் 50 காட்டுகிற தண்ணீரில் கிருமி இருக்கலாம். 600 காட்டுகிற கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கலாம்.

தொழில் தரப்பில் அடிக்கடி வைக்கிற ஒரு வாதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த மண் முன்பே உப்பு மண், கருங்கல் பாறைக்குள் இருக்கும் நிலத்தடி நீர் சாயப்பட்டறை வருவதற்கு முன்பும் பல இடங்களில் உப்புக் கரித்துத்தான் கிடந்தது என்பார்கள். விவசாயிகள் பக்கம் நிற்கிற மாணவர்கள் இதைக் கேட்டதும் முதலாளி பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாது. இது சோதிக்கக்கூடிய கூற்று. பழைய கிணறுகளின் பதிவுகள் என்ன சொல்கின்றன? ஊருக்கு மேற்கே, சாயக்கழிவு சேராத பகுதியில் கிணறுகள் எப்படி இருக்கின்றன, கிழக்கே எப்படி? ஆற்றை ஒட்டிய கிணற்றுக்கும் இரண்டு மைல் தள்ளிய கிணற்றுக்கும் வித்தியாசம் உண்டா? மழைக்குப் பின் எவ்வளவு குறைகிறது? மண்ணில் இயல்பாகவே உப்பு இருந்தது என்பதும், அதன் மேல் சாயப்பட்டறை பல மடங்கு ஏற்றியது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். தனக்குப் பிடிக்காத தரப்பின் கூற்றையும் இப்படி உட்காரவைத்து விசாரிக்க ஒருவரால் முடிகிறதா என்பதைத்தான் நான் அறிவியல் புரிதலின் உரைகல்லாக வைப்பேன். தனக்குப் பிடித்த எண்ணையும் அதே விசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் வகுப்பறையில் ஏன் வருவதில்லை? பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் தலைமுறைகளாகச் செய்துவந்த உப்புப் பகுப்பாய்வை நினைத்துப் பாருங்கள். ஒரு சோதனைக்குழாயில் வெள்ளைப் பொடி கொடுப்பார்கள். அதில் என்ன அயனி என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை கொடுத்தவருக்கு முன்பே தெரியும். நிறத்தையும் வாசனையையும் வைத்து மாணவர்கள் முதலிலேயே ஊகித்துவிட்டு, அந்த விடைக்குப் பொருந்துகிற மாதிரிச் சோதனைகளை எழுதி முடிப்பார்கள். பலரும் இப்படித்தான் தேறியிருக்கிறோம். "வீழ்படிவு சரியாக வரவில்லை, முடிவு சொல்ல முடியவில்லை" என்று நேர்மையாக எழுதினால் மதிப்பெண் போகும். இப்படிப் பயின்ற கை, தண்ணீர் மாதிரி எடுக்கும்போதும் முடிவை முதலில் எழுதிவிட்டு எண்ணைத் தேடும். தொழில் பக்கம் நிற்பவருக்கு இது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு சூழலியல் ஆர்வலருக்கும் பொருந்தும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இன் 42ஆவது திருத்தம் அரசமைப்பில் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கடமைக்கு நம் ஆய்வுக்கூடங்கள் தந்திருக்கும் இடம் இவ்வளவுதான்.

ஆனால் அறிவியலின் இயல்பைச் சரியாகக் கற்றுக்கொடுத்தால் மாணவர்கள் எல்லோரும் "சரியான" முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று ஆசைப்படுவதும் தவறு. 2003இல் ராண்டி பெல், நார்மன் லெடர்மன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்த ஆசைக்குக் கடிவாளம் போட்டது. அறிவியலின் இயல்பு பற்றி நேர் எதிர்க் கருத்துகள் கொண்ட இரண்டு குழுப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் புகைபிடித்தல், புவி வெப்பமாதல் போன்ற விஷயங்களில் முடிவெடுக்கச் சொன்னார்கள். முடிவுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. இரு குழுவுமே தங்கள் மதிப்பீடுகளையும் சமூக அக்கறைகளையும் வைத்துத்தான் முடிவெடுத்தன. படித்த பேராசிரியர்களே இப்படி என்றால், வீட்டில் அடுப்பு எரிவது டையிங் சம்பளத்தில் என்று தெரிந்த பதினேழு வயதுப் பிள்ளையிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? எனக்கு இது குறையாகவும் தெரியவில்லை. ஆற்றில் எவ்வளவு உப்பு என்பதை அளவை சொல்லும். அந்த உப்புக்காக எத்தனை பேர் வேலை இழக்கலாம், அந்த வேலைகளுக்காக எத்தனை பேர் வயலை இழக்கலாம் என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. அது நியாயம் பற்றிய கேள்வி. இந்த இரண்டையும் கலந்துவிடாமல் பேசினால் சண்டை நிற்காது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பது தெளிவாகும். வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தன் செயலால் கேடு இல்லை என்று தொழில் நடத்துபவர்தான் நிறுவ வேண்டும் என்றது. அறிவியல் முடிவு சொல்லாத இடத்தில் யார் பொறுப்பேற்பது என்பதற்கான சட்டத்தின் பதில் அது. வேதியியல் வகுப்பில் இதைச் சொல்லித்தரும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

யாரை நம்புவது என்பது தனிக் கேள்வி. நார்வேயில் ஸ்டைன் கோல்ஸ்டோ 2001இல் வெளியிட்ட ஆய்வில், உயர்மின் கம்பிகளுக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற சர்ச்சையைப் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் பேசினார். ஆதாரத்தை நேரடியாக எடைபோட முடியாதபோது, சொல்பவருக்கு இதில் என்ன லாபம், அவருக்குத் தகுதி உண்டா என்று பார்த்து அவர்கள் முடிவெடுத்தார்கள். இது மோசமான வழி இல்லை. நாம் எல்லோரும் மருத்துவரிடம் செய்வது இதுதான். 2018இல் கொங்கு மாவட்டங்களில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் போராடியபோது இதே கம்பிகளின் கதை நம் பக்கமும் வந்தது. உயர்மின் மாற்று மின்னோட்டக் கம்பியின் கீழே டியூப்லைட்டைப் பிடித்தால் இணைப்பில்லாமலே மினுங்கும். மின்புலம் அங்கே இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. உடம்புக்கு என்ன ஆகிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அதற்கு வேறு வகை ஆய்வு வேண்டும். நிலத்துக்கு நியாயமான இழப்பீடு கேட்க இரண்டுமே தேவையில்லை.

ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வந்தால் வேறொரு நம்பிக்கை எதிரே நிற்கிறது: டெக்னாலஜி வந்துவிட்டது, இனிப் பேச ஒன்றும் இல்லை. 2011க்குப் பிறகு மாநில அரசின் வட்டியில்லாக் கடனோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீண்டும் எழுந்தன. சவ்வு வடிகட்டி தண்ணீரை மீட்கிறது. மிச்சமாகும் செறிந்த உப்புநீரைச் சாயத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் முறையும், எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக்கும் முறையும் நடக்கின்றன. ஆற்றுக்கு இது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் காய்ச்ச விறகோ நிலக்கரியோ மின்சாரமோ எரிகிறது. கடைசியில் வரும் கலப்பு உப்புக்கு எளிதில் ஆள் கிடைப்பதில்லை. சேறும் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. செலவைத் தாங்காதவர்கள் இரவில் திறந்துவிடுகிறார்கள் என்ற புகாரும் அவ்வப்போது எழுகிறது. போட்ட உப்பு எங்காவது இருந்தே தீரும் என்ற நிறை அழியா விதியை எட்டாம் வகுப்பிலேயே படித்திருந்தும், "ஜீரோ" என்ற சொல்லைக் கேட்டதும் கணக்கை மறந்துவிடுகிறோம்.

1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பள்ளிப் பிள்ளைகளை உள்ளூர் ஆய்வுகளோடு அனுப்பி வந்திருக்கிறது. திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்று மங்கலத்திலிருந்து ஒரத்துப்பாளையம் வரை கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, ஆற்றங்கரையில் சில, தள்ளிச் சில என்று பிரித்து, கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் கடத்துதிறனை அளந்து, ஒவ்வோர் ஆண்டு மாணவர்களும் அடுத்தவர்களிடம் நோட்டை ஒப்படைத்துப் போனால், பத்து ஆண்டில் இந்தப் பகுதிக்கு நல்லதொரு பதிவு சேரும். மீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எண்களை எழுதும் முன்பே, எந்த அளவு வந்தால் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்று மாணவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. இதில் கஷ்டம் மாணவர்களிடம் இல்லை. பள்ளிக்குக் கட்டடம் கட்டிக்கொடுத்தவர் சாயப்பட்டறைக்காரராக இருப்பார், பெற்றோர் சங்கத்தில் பாதிப் பேர் ஆயக்கட்டுக்காரர்களாக இருப்பார்கள். எந்த எண் வந்தாலும் தலைமையாசிரியர் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு அவரைத் துணிய வைப்பதற்கான வழி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. முதல் இரண்டு ஆண்டு எண்களை வெளியே விடாமல் நோட்டிலேயே வைத்துக்கொள்வது ஒருவேளை கைகொடுக்கலாம்.